இலைக்குள் ஒரு விரியன்: குழிவிரியன் பற்றி ஓர் எளிய அறிமுகம்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைக்கு மேலே ஒரு கிராம்புத் தோட்டத்துக்குத் தை மாதத்தில் போயிருந்தேன். பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கிராம்பு மொட்டு பச்சை மாறி லேசாகச் சிவக்கிற சில நாட்களுக்குள் பறித்துவிட வேண்டும், பூத்துவிட்டால் விலை போகாது. பொழுது போகாமல் நானும் ஒரு தாழ்ந்த கொம்பை வளைக்கக் கையை நீட்டினேன்.

"மக்கா, கைய எடு. அது இலை இல்ல."

ஏணியில் நின்ற பெரியவர்தான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எனக்கு இலைதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகு, கொம்பு கவைத்துப் பிரியும் இடத்தில் ஒரு பச்சைச் சுருளும் அதில் பாசி படிந்தது போன்ற பழுப்புத் திட்டுகளும் தெரிந்தன. சுருளின் மேல் அகலமான முக்கோணத் தலை. என் கைக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்திருக்கும். அது சீறவும் இல்லை, நகரவும் இல்லை. என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அது குழிவிரியன். நம் மாவட்டத்து மலைக்காடுகளில் மரத்தில் வாழும் விஷப்பாம்பு. ஒரு இடத்தில் உட்கார்ந்து இரைக்காகக் காத்திருப்பதுதான் அதன் முழுநேர வேலை. அதன் நிறம், தலை, வால், மூக்கருகே இருக்கும் குழி எல்லாமே அந்த வேலைக்காக அமைந்தவை. மனிதரை அது எப்போது கடிக்கிறது என்பதற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு, அதை முதலில் தீர்த்துவிடுவோம். தமிழில் விரியன் என்று முடிகிற பாம்பெல்லாம் ஒரே குடும்பம் இல்லை. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்மையான விரியன்கள். கட்டுவிரியன் அப்படி இல்லை, அது நல்லபாம்பின் உறவு. விரியன்களின் அடையாளம் அவற்றின் பல். நீளமான, உள்ளே துளையுள்ள இரண்டு விஷப்பற்கள். வாயை மூடும்போது பேனாக்கத்தி போல மேலண்ணத்தோடு மடங்கிக்கொள்ளும், வாயைத் திறந்தால் நிமிரும். நல்லபாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் பல் சிறியது, மடங்காது. குழிவிரியன் இந்த உண்மையான விரியன் குடும்பத்தில் ஒரு கிளை. எல்லை தாண்டிப் போனால் மலையாளத்தில் கண்ணாடி விரியனுக்கு அணலி என்று வேறு பெயர் இருக்கிறது. அதனால் மேற்கே களியக்காவிளைப் பக்கம் பாம்புப் பேச்சு வந்தால் எந்தப் பாம்பைச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, குழி என்பது என்ன?

கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை இன்னொரு மூக்குத் துளை என்று நினைப்பார்கள். மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது வெப்பத்தை உணரும் உறுப்பு. பள்ளத்துக்குள் ஒரு மெல்லிய சவ்வு, முரசில் தோல் கட்டியது போல, பின்சுவரைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் தடிமன் சுமார் 15 மைக்ரான்தான், நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. சவ்வுக்கு முன்னும் பின்னும் காற்று இருப்பதால் அது சூடேறுவதற்குக் கொஞ்சம் வெப்பமே போதும்.

அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணை மூடியிருந்தாலும் முகத்தில் சூடு தெரியும் இல்லையா? அடுப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் நம் தோலைச் சூடாக்குகிறது. எலியின் உடம்பிலிருந்தும் அதே கதிர்தான் வருகிறது, மிகக் குறைவாக. நம் தோல் தடித்தது, அதற்கு எலியின் சூடு தெரியாது. குழிவிரியனின் சவ்வுக்குத் தெரியும். 1950-களில் அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்புகளை வைத்து (அவையும் குழிவிரியன்கள்தான், தரையில் வாழ்பவை) அந்த நரம்பில் மின்துடிப்பை அளந்து பார்த்தார்கள். சவ்வின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் மூன்று பங்கு மாறினாலே நரம்பு அதைச் சொல்லிவிடுகிறது.

இந்தச் சவ்வில் வேலை செய்யும் புரதம் எது என்று 2010-ல்தான் தெரிந்தது. கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு. மிளகாய்க் காரம் நமக்கு ஏன் சூடு மாதிரி தெரிகிறது என்பதை விளக்கியதற்காக 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். டிஆர்பிஏ1 என்பது அந்தப் புரதத்தின் பெயர். நம் உடம்பிலும் அது இருக்கிறது. அரைத்த கடுகின் நெடி மூக்கில் ஏறிக் கண்ணைக் கலங்க வைக்கிறதே, அதை நமக்கு உணர்த்துவது அதுதான். நமக்குக் கடுகின் காரத்தைக் காட்டுகிற அதே சாமானை இந்தப் பாம்பு எலியின் சூட்டைப் பார்க்கப் பயன்படுத்திக்கொள்கிறது. எனக்கு இந்த ஒரு விஷயம் பாம்பின் விஷத்தைவிட ஆச்சரியமாக இருக்கிறது.

குழி வெறுமனே "சூடு இருக்கிறது" என்று மட்டும் சொல்வதில்லை, எந்தப் பக்கம் என்றும் சொல்லும். குழியின் வாய் உள்பகுதியைவிடக் குறுகலானது. இடதுபக்கமிருந்து வரும் சூடு சவ்வின் வலதுபகுதியில் விழும், வலதுபக்கச் சூடு இடதில் விழும். சின்ன வயதில் பள்ளியில் அட்டைப்பெட்டியில் ஊசித்துளை போட்டுப் படம் பார்த்திருப்பீர்கள், அதே கணக்கு. துளை பெரிதாக இருப்பதால் படம் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் குழி இருப்பதால் திசை சரியாகப் பிடிபடுகிறது. மூளையில் கண் காட்டும் படமும் குழி காட்டும் படமும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேருகின்றன. ஆக, கும்மிருட்டில் அது காண்பது நாம் இரண்டு தனித்தனிக் கருவிகளில் பார்ப்பது போல இருக்காது. ஒரே காட்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம் வரும். இது பெரும்பாலும் தவளையையும் பல்லி ஓணானையும்தானே தின்கிறது, அவற்றுக்கு உடம்புச் சூடு ஏது? நல்ல கேள்வி. குழியின் நரம்பு சும்மா இருக்கும்போதும் ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருக்கும். எதிரே சூடான பொருள் வந்தால் துடிப்பு கூடும், சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த பொருள் வந்தால் குறையும். ஈரத்தோலோடு இருக்கும் தவளை, பகல் வெயில் வாங்கிய பாறைக்கும் மரப்பட்டைக்கும் முன்னால் ஒரு குளிர்ந்த புள்ளி. அதுவும் தெரியும். எலியும் சிறு பறவையும் கிடைத்தால் அவற்றையும் விடாது.

இப்போது காத்திருப்புக்கு வருவோம். சாரைப்பாம்பு இரையைத் தேடி வயல் முழுக்க அலையும். அதற்கு வேகமும் நீளமும் வேண்டும். குழிவிரியன் அலைவதில்லை. ஓடைக்கரையில் தவளை வருகிற இடமாகப் பார்த்து ஒரு கொம்பிலோ ஈற்றை மூங்கில் புதரிலோ பாறை மேலோ சுருண்டு உட்கார்ந்துவிடும். ஒரே இடத்தில் பல நாட்கள்கூட இருக்கும். உடம்பு குட்டையாக, தடிமனாக இருப்பது அதனால்தான். பெரியது ஒரு மீட்டர் வந்தாலே அதிகம். பெண் பாம்பு ஆணைவிடப் பெரிது. வால் கொடி போலக் கொம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், அந்தப் பிடியில் நின்றுகொண்டுதான் முன்னுடம்பை வீசும்.

கடித்த பிறகு அது செய்வதும் தரை விரியனுக்கு நேர் எதிர். கண்ணாடி விரியன் எலியைக் கடித்துவிட்டு விட்டுவிடும். எலி ஓடி எங்காவது விழும், பாம்பு வாசம் பிடித்துப் போய் எடுத்துக்கொள்ளும். பத்தடி உயரத்தில் இருப்பவனுக்கு அது கட்டுப்படியாகுமா? விட்டால் இரை கீழே ஓடைக்குள் விழுந்து போய்விடும். அதனால் மர விரியன்கள் பெரும்பாலும் கடித்த இரையை விடாமல் வாயிலேயே தொங்கப் பிடித்துக்கொண்டிருக்கும்.

காத்திருப்பவனுக்கு மறைவு வேண்டும். மலபார் குழிவிரியன் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த இனத்தில் ஒரே மலையில் பச்சையும் இருக்கும், பழுப்பும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், காவி கலந்த ஆரஞ்சும் இருக்கும். பாசி, பட்டை, காய்ந்த இலை என்று எதனோடும் ஒன்றிப் போகிற திட்டுகளும் உண்டு. ஆகவே "மஞ்சளாக இருந்தது, அதனால் வேறு பாம்பு" என்று நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முட்டை இடாது, வயிற்றுக்குள்ளேயே பொரித்துக் குட்டியாக ஈனும். வெளியே வந்த அன்றே குட்டிக்கும் விஷம் உண்டு.

நம் மாவட்டத்தில் இது எங்கே இருக்கும்? கன்னியாகுமரி, முட்டம், குளச்சல் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இதைப் பார்க்கப்போவதில்லை. மாறாமலை, காளிகேசம், பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு என்று மலைப்பட்டைதான் இதன் இடம். இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி கார்த்திகை மழையும் இரண்டும் கிடைக்கிற, ஓடை வற்றாத ஈரக்காடு. இந்தக் காடுகளில் பெரும்பகுதி 2008-ல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 400 சதுர கிலோமீட்டர். காட்டை ஒட்டியும் காட்டுக்குள்ளேயும் கிராம்பு, மிளகு, ரப்பர் என்று தோட்டங்கள் கிடப்பதால் பாம்பும் ஆளும் சந்திக்க வேண்டியிருக்கிறது.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. 1854-ல் ஜெர்டன் என்ற மருத்துவர் இந்தப் பாம்புக்கு மலபார் பெயரை வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்க ஒரே இனம்தான் என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஆனால் இந்த மலைத்தொடரில் பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் இரண்டு பெரிய இடைவெளிகள் இருக்கின்றன. குளிர்ந்த ஈரக்காட்டுப் பாம்பு அந்தச் சூடான தாழ்நிலத்தைக் கடந்து அடுத்த மலைக்குப் போவது எளிதில்லை. பல லட்சம் ஆண்டுகள் பிரிந்தே கிடந்தால் மரபணு விலகிப் போகும். 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்து, பழைய ஒரே இனத்தைப் பிரித்தது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அதாவது அகத்தியமலையிலும் அதை அடுத்த நம் மலைகளிலும் இருப்பதற்குத் திருவிதாங்கூரின் பெயர் கிடைத்தது. முன்பு திருவிதாங்கூரில் இருந்த நாம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம். பாம்பு இப்போதுதான் அதிகாரப்பூர்வமாகத் திருவிதாங்கூருக்குப் போயிருக்கிறது.

மரத்தில் பாம்பு என்றாலே விஷம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதிகம் பழி சுமப்பது கொம்பேறிமூக்கன். கடித்துவிட்டு மரத்தின் உச்சிக்கு ஏறிச் சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம்! அதற்கு மனிதரைக் கொல்லும் விஷமே கிடையாது. ஓணான் பிடித்துத் தின்னும் ஒல்லிப் பாம்பு, ஆளைக் கண்டால் கொடிபோல் ஓடிவிடும். கண்ணைக் குத்தும் என்று சொல்லப்படும் பச்சைப்பாம்புக்கு லேசான விஷம் உண்டு, பல்லோ வாயின் பின்பக்கம். தவளைக்கும் பல்லிக்கும் ஆபத்து, நமக்கு இல்லை. அதன் மூக்கு கூர்மையாக நீண்டிருக்கும், கண்ணின் பாவை படுக்கை வசத்தில் இருக்கும்.

இணையத்தில் சுலப விதிகள் சுற்றுகின்றன. முக்கோணத் தலை என்றால் விஷம், பூனைக்கண் என்றால் விஷம் என்று. நம்பாதீர்கள். பாவை செங்குத்தாகவும் தலை அகலமாகவும் உள்ள, மரத்தில் வாழும் பூனைப்பாம்புகளால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை. நல்லபாம்புக்கு முக்கோணத் தலையும் கிடையாது, பூனைக்கண்ணும் கிடையாது. குழிவிரியனுக்குச் சந்தேகமில்லாத அடையாளம் அந்தக் குழிதான், அதைப் பார்க்க வேண்டுமானால் மிக நெருங்க வேண்டும். அந்த வேலை நமக்கு வேண்டாம். மரத்தில் ஒரு பாம்பு ஓடாமல் சுருண்டே இருந்தால் கையைத் தள்ளி வைப்பது போதும்.

கடி நிகழ்வதும் அப்படித்தான். இந்தப் பாம்பு துரத்தி வந்து கடிக்காது. ஆனால் ஆள் வரும் சத்தம் கேட்டு விலகிப் போகவும் செய்யாது. தன் மறைவை நம்பி அப்படியே இருக்கும். நாம் கொம்பைப் பிடிக்கும்போது அதையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறோம். அதனால் கடி பெரும்பாலும் கையில், விரலில். உடனே நல்ல வலி, பிறகு வீக்கம், சில சமயம் கொப்புளம். விஷம் ரத்தத்தையும் திசுவையும் தாக்கும் வகை. உயிரிழப்பு அபூர்வம், அதற்காக வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

நம் ஊர் ரப்பர் தோட்டங்களுக்கு இன்னொரு உறவினரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூக்குமுனை சற்று மேல்நோக்கித் தூக்கிய ஒரு குட்டைக் குழிவிரியன், ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் இருக்கும். மரத்தைவிடத் தரையில், காய்ந்த இலைக்குள்தான் அதிகம் கிடக்கும். இலங்கையில் பாம்புக்கடிகளில் பெரும்பங்கு இதனுடையது. உருவத்தை வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோவோம். சிலருக்கு ரத்தம் உறையாமல் போய்ச் சிறுநீரகம் வரை பாதித்திருக்கிறது, இறப்பும் உண்டு. விடியுமுன் தலைவிளக்கு கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்களின் வெளிச்சம் மரத்தின் பட்டையில் இருக்கும், கால் இருட்டில் இருக்கும். கணுக்கால் மறைகிற பூட்ஸ் அங்கே ஆடம்பரம் இல்லை.

மருந்து விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தியாவில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகக் குதிரைகளில் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் அதில் இல்லை. எனவே குழிவிரியன் கடிக்கு மருத்துவர்கள் வலி, வீக்கம், ரத்தம் உறைதல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கவனித்துச் சிகிச்சை தருகிறார்கள். கடித்தது எது என்று தெரிந்தால் பயன்படாத மருந்தை ஏற்றாமல் இருக்கலாம், அந்த மருந்துக்கும் ஒவ்வாமை வரலாம் என்பதால் இது முக்கியம். அதற்காகப் பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டாம். தூரத்தில் நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும்; அதுவும் முடிந்தால்தான்.

ஆஸ்பத்திரியில் முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாகி நின்றால் நல்லது; தண்ணீராக ஓடினால் விஷம் ரத்த உறைவைக் கெடுத்திருக்கிறது என்று பொருள். "கடிபட்டவனைப் போட்டுவிட்டு ரத்தத்தை வேடிக்கை பார்க்கிறார்கள்" என்று ஒருவர் வாசலில் சத்தம் போட்டதைக் கேட்டிருக்கிறேன். அந்த 20 நிமிடம்தான் அவர்கள் செய்கிற முக்கியமான சோதனை.

அதுவரை நாம் செய்ய வேண்டியது குறைவு. மோதிரம், வளையல், கயிறு இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது எதுவும் வேண்டாம். வீங்குகிற கையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டால் விஷத்தோடு கட்டும் சேர்ந்து சதையை அழுகவைக்கும். மலையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு வர எவ்வளவு நேரமாகும் என்பது மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் பாதியை விஷக்கல்லுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாம்பின் பெயரிலேயே ஊர் வைத்தவர்கள் நாம். ஆனால் நாகர்கோவில் நாகராஜா கோவிலில் இருப்பது படமெடுக்கும் நாகம், காவுகளில் (பாம்பை வழிபடும் சோலைகளில்) கல்லில் இருப்பதும் அதுதான். மரத்து விரியனுக்கு நம் பக்கம் சிலையே இல்லை. மலேசியாவில் பினாங்கில் ஒரு சீனக் கோவில் இருக்கிறது. அங்கே குழிவிரியன்கள் கொம்புகளில் சுருண்டு கிடக்கின்றன. ஊதுவத்திப் புகையில் மயங்கி அசையாமல் இருக்கின்றன என்று பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்வதுண்டு. மயக்கமெல்லாம் இல்லை. அது இரவில் வேட்டையாடும் பாம்பு; பகலில் கோவிலில் என்ன, காட்டில் என்ன, அசையாமல்தான் கிடக்கும்.

கிராம்புத் தோட்டத்துப் பாம்பும் மறுநாள் அதே கவையில்தான் இருந்தது. மூன்றாம் நாள் தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. "கெடக்கட்டும், அதுக்கும் ஒரு கொம்பு வேணும்லா" என்று பெரியவர் ஏணியை அடுத்த மரத்துக்கு மாற்றிவிட்டார். அடுத்த வாரம் நான் மலையிறங்கும்போது அந்த மரம் முழுக்கப் பறித்து முடிந்திருந்தது. அந்த ஒரு கொம்பில் மட்டும் மொட்டுகள் விரிந்து பூத்திருந்தன.